பிள்ளையின் நிறத்தின்மீது பழி போடாதீர்!



“பிள்ளை கறுப்பு, அதனால்தான் படத்தில் முகம் தெளிவாக விழவில்லை.” வகுப்புப் படத்தைக் கையில் வாங்கியதும் நம்மவர் சிலர் கூறும் இச்சொல்லை நான் வன்மையாக மறுக்கிறேன். அதைக் கேட்டுக்கொண்டு அருகில் நிற்பது அப்பிள்ளை அல்லவா? அடுத்த ஆண்டு முகம் நிறைய பவுடர் பூசி அனுப்புகிறோம். பிழை நிறத்தில் இல்லை. ஒளியை அளந்த முறையில் இருக்கிறது.

பழைய பிலிம் கேமராவிலுள்ள ஒளிமானி முகத்தை அறியாது. தன் முன்னுள்ள யாவும் ஏறத்தாழ 18 விழுக்காட்டு ஒளியைத் திருப்பியனுப்பும் நடுச் சாம்பல் நிறம் என்றே அது கொள்ளும். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளை வெள்ளைச் சுவரின்முன் நிறுத்தினால், வெளிச்சம் மிகுதி என்று முள் காட்டும். அதை நம்பித் துளையைச் சுருக்கினால் சட்டை சாம்பலாகும்; முகம் இருண்டுபோகும். மாறாக, பிள்ளைகள் நிற்கும் வெளிச்சத்திலேயே உள்ளங்கையை நீட்டி அளந்து, மானி காட்டியதைவிட ஒரு படி கூடுதலாகத் திறந்தால் முகங்கள் தெளியும். உள்ளங்கை நடுச் சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு படி வெளிறியது என்பதே காரணம்.

“மீட்டர் கெட்டுவிட்டது, கேமராவைத் தூக்கிப் போடலாம்” என்போரும் நியாலாஸ் வட்டாரத்தில் உண்டு. பொறுங்கள். 1960, 70களின் கேமராக்கள் பல 1.35 வோல்ட் பாதரச மின்கலத்துக்காகச் செய்யப்பட்டவை. பாதரசம் நஞ்சென்பதால் அம்மின்கலங்கள் சந்தையிலிருந்து மறைந்தன. அவ்விடத்தில் 1.5 வோல்ட் மின்கலத்தை இட்டால், பல மானிகள் வெளிச்சத்தை மிகைப்படுத்திக் காட்டும். மீண்டும் முகமே இருளும். காது கேட்புக் கருவிக்குரிய 675 எண் மின்கலம் சுமார் 1.4 வோல்ட் தரும். அது பழைய அளவுக்கு நெருக்கமானது. முள் அசையவே இல்லையெனில், மின்கல அறையில் பூத்த உப்பை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து உலர்த்துங்கள்.

பிறகு சோதியுங்கள். நல்ல வெயிலில் பள்ளித் திடலின் பசும்புல்லை நோக்கினால், ஐஎஸ்ஓ 200 பிலிமுக்கு எஃப் 16, நொடியில் 250-இல் ஒரு பங்கு என்னும் அளவுக்கு அருகில் மானி காட்ட வேண்டும்.

இன்றைய கைப்பேசிகள் முகத்தை அறியும். ஆயினும் வெள்ளைச் சுவரும் பின்னொளியும் அவற்றையும் ஏமாற்றக்கூடும். ஆகவே, அடுத்த வகுப்புப் படத்தன்று படம் பிடிப்பவரிடம் கேளுங்கள்: “ஐயா, எதை அளந்தீர்கள்? சட்டையையா, முகத்தையா?”

பவுடர் டப்பா வீட்டிலேயே இருக்கட்டும்.