அயர்லாந்து விவசாயிகள் மறக்காத பெருங்காற்று

2025 ஜனவரி 24 அன்று அயர்லாந்தை 'எயோவின்' புயல் தாக்கியது. மேற்குக் கரையிலுள்ள கால்வே பகுதியில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசி, 1945-ல் பதிவான சாதனையை முறியடித்தது. சுமார் 7.68 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன.

அந்நாட்டுக் கிராமங்களில் புயல் என்றாலே பேச்சு 1839-க்குப் போய்விடும். அவ்வாண்டு ஜனவரி 6 இரவு வீசியதற்குப் 'பெருங்காற்று இரவு' என்றே பெயர். கூரைகள் பறந்தன, குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த புல் போரும் கதிர்ப் போரும் சிதறின. 1909-ல் 70 வயதானவர்களுக்கு அரசு பென்ஷன் வந்தபோது, பலரிடம் பிறப்புச் சான்று இல்லை. அந்தக் காற்று நினைவிருக்கிறது என்று சொன்னதே வயதுக்குச் சாட்சியாயிற்று. பிறகு 1937 முதல் 1939 வரை, ஏறத்தாழ 5,000 பள்ளிகளின் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பழஞ்செய்திகளை எழுதிவைத்தார்கள். அதில் கடும் வானிலைக்கென்றே ஒரு தலைப்பு உண்டு.

இவ்வளவு நல்ல பதிவிலும் ஒரு குறை தெரிகிறது. ஊர் நினைவு ஒரு ராத்திரியைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை விட்டுவிடுகிறது. 1947 பிப்ரவரிப் பனி எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதற்கு முந்தைய அறுவடையில் மழை விடாமல் பெய்து, நகரத்து ஆட்கள் வயலில் இறங்கிக் கதிர் காப்பாற்ற வேண்டியிருந்தது. 2018-லும் அப்படித்தான். மார்ச் தொடக்கத்தில் பனி, கோடையில் வறட்சி. குளிர்காலத் தீவனத்தைக் கோடையிலேயே போட நேர்ந்தது. மாட்டை வாட்டுவது பெரும்பாலும் இப்படி அடுத்தடுத்து விழும் அடிதான்.

மின்சாரம் பழங்கதையில் இல்லாத புதுச் சிக்கல். கறவை இயந்திரம், பால் குளிரூட்டும் தொட்டி, தண்ணீர் மோட்டார் எல்லாம் கரண்டை நம்பியவை. சில இடங்களுக்குக் கரண்ட் திரும்ப இரண்டு வாரத்துக்கு மேலானது. டிராக்டரால் ஓட்டும் ஜெனரேட்டரை வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள். அங்கே பெரும்பாலான பசுக்கள் வசந்தத்தில் கன்று ஈனுபவை. ஜனவரியில் கறவை வற்றியிருந்தது. இதே புயல் ஏப்ரலில் அடித்திருந்தால், கறக்க முடியாமல் மடிநோய் பரவியிருக்கும் என்பது என் கணிப்பு.

ஆகவே அந்த ஊர்க்காரர்கள் இப்போது எழுதிவைக்க வேண்டியது காற்றின் வேகத்தை அல்ல. அதை வானிலை நிலையம் பார்த்துக்கொள்ளும். எந்தப் பாதையில் மரம் விழுந்தது, தண்ணீர் எத்தனை நாள் இல்லை, ஒரு ஜெனரேட்டரை எத்தனை பண்ணைகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தின, வைக்கோல் எந்த வாரம் தீர்ந்தது என்பவற்றைத்தான்.