மின்கலம் 'திடீரென்று' செத்ததாம்!



"நேற்றுவரை நன்றாகத்தான் ஓடியது, இன்று காலையில் திடீரென்று பேட்டரி செத்துவிட்டது." ஆசிரியர் அறையில் இந்தப் புலம்பல் மாதத்திற்கு ஒருமுறையாவது கேட்கிறது. உள்ளிணைப்பு அறுந்து, முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோகும் மின்கலமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், பெரும்பாலான மின்கலங்கள் பல வாரங்கள் முனகிய பிறகே சாகின்றன. காலையில் எஞ்சின் இழுத்து இழுத்துச் சுழல்கிறது. சாவியைத் திருப்பும்போது விளக்குகள் மங்குகின்றன. நாமோ வானொலியின் ஒலியைக் கூட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறோம்!

வகுப்பில் மின்சுற்று நடத்துகிறோம். மின்கலம், விசை, மின்குமிழ் என்று படம் வரையச் சொல்கிறோம். கோடு விட்டுப்போனால் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். அதே பாடம் நம் மகிழுந்தின் முன்மூடிக்கு அடியில் கிடக்கிறது. அதைத் திறந்து பார்ப்பது மட்டும் பட்டறைக்காரரின் வேலையாம். இது என்ன நியாயம்?

1859இல் பிரான்சு நாட்டின் காசுட்டன் பிளாண்டே உருவாக்கிய ஈய அமில மின்கலத்தின் வழிவந்ததே இன்றும் நம் வண்டிகளில் இருக்கிறது. ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும் ஆறு அறைகள்; அவற்றில் ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும். மின்சாரம் வெளியேறும்போது தகடுகளில் ஈயச் சல்பேட்டு படிகிறது. உடனே மின்னூட்டினால் கரையும். பல நாள் விட்டுவிட்டால் இறுகிவிடும். இறுகியதை மீட்பது அரிது. வீட்டிலிருந்து பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டி ஏன் விரைவில் படுத்துவிடுகிறது என்பது இப்போது விளங்கும். பள்ளி வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, வானொலியையும் சமிக்ஞை விளக்குகளையும் எரியவிட்டுப் பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெற்றோர்களே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது வண்டிகள் வாரக்கணக்கில் வாசலிலேயே நின்றன. நாள்தோறும் ஐந்து நிமிடம் எஞ்சினை இயக்கி அணைத்தால் போதும் என்று புலனத்தில் அறிவுரைகள் பறந்தன. எஞ்சினைக் கிளப்பச் செலவாகும் ஆற்றலே ஐந்து நிமிடத்தில் முழுதாகத் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. அரைமணி நேரமாவது ஓட்ட வேண்டும். இல்லையேல் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைக்க வேண்டும். யார் கேட்டார்கள்?

என் சினம் பட்டறைகள் மீதும்தான். கிள்ளானில் ஒரு பட்டறை, பெயர் வேண்டாம். எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவரின் எட்டு மாத மின்கலத்தை அளந்துகூடப் பார்க்காமல் "மாற்றத்தான் வேண்டும்" என்றார்கள், மாற்றினார். மூன்றே வாரத்தில் வண்டி மீண்டும் நின்றது. குற்றம் மின்னூட்டும் ஆல்டர்னேட்டரில்! இதைக் கண்டறிய ஒரு சாதாரண மின்னழுத்தமானி போதும். இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் மின்கலம் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழ் என்றால் கிட்டத்தட்ட வெறுமை. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையா? மின்கலத்தைப் பழிக்காதீர்கள். மாற்றச் சொல்பவரிடம் "அளந்து காட்டுங்கள்" என்று கேட்பதற்கு என்ன வெட்கம்?

புதிதாக வாங்கும்போது "குளிர்த் தொடக்க ஆம்பியர் அதிகம்" என்று விற்பனையாளர் பெருமை பேசுவார். அந்த அளவை −18 பாகையில் எடுக்கிறார்கள். கிள்ளானில் எப்போது பனி பெய்தது? நம் மின்கலத்தைக் கொல்வது வெயில். இரண்டு மூன்று ஆண்டு உழைத்தாலே இங்கே நிறைவடையலாம். எனவே, பெரிய எண்ணை விட்டுவிட்டுப் பொருத்தமான அளவைப் பாருங்கள். 38பி20எல் என்ற குறியீட்டில் 20 என்பது ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம். கடைசி எழுத்து, முனைகள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. அது மாறினால் கம்பி எட்டாது. நிறுத்தங்களில் எஞ்சின் தானே அணைந்து தானே இயங்கும் வண்டிக்கு அதற்கென்றே செய்த ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகைதான் வேண்டும், மலிவாக இருக்கிறதென்று சாதாரண வகையைப் பொருத்தக்கூடாது. உற்பத்தி நாளையும் பாருங்கள். கடையில் சும்மா கிடக்கும் மின்கலமும் மின்னூட்டத்தை இழக்கும். திருப்பதிப் பக்கம் செய்யும் அமரான் நம்மவர் பொருள் என்ற பெருமிதத்தில் வாங்குவோரும் உண்டு. பெருமிதம் இருக்கட்டும், அளவு பொருந்துகிறதா?

'பராமரிப்பு வேண்டாதது' என்ற ஒட்டுச்சீட்டு நீர் ஊற்றுவதற்கு மட்டுமே விலக்கு. முனைகளில் பூக்கும் வெண்ணீலப் படிவத்தை யார் துடைப்பது? கருப்புக் கம்பியை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். சமையல் சோடா கலந்த வெந்நீர் போதும். மூடியுள்ள வகை என்றால் வாலைவடிநீர் மட்டுமே ஊற்றவேண்டும். குழாய்நீரும் கூடாது, அமிலமும் கூடாது. அருகில் வெண்சுருட்டு கூடவே கூடாது. ஐதரசன் வளி தீப்பற்றும்.

(2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்திற்கு மாற்றியபோது, "தமிழில் இதெல்லாம் முடியுமா?" என்று கேட்டவர்களில் தமிழாசிரியர்களும் இருந்தனர். மேலே உள்ளதை அவர்கள் படிக்கட்டும்.)

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது பழைய மின்கலத்தின் கதி. "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கி வைத்து வரும் லோரியில் சில வெள்ளிக்குத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். செனகல் நாட்டின் தியரோய் சுர் மேர் பகுதியில், பழைய மின்கலங்களை உடைத்து ஈயம் எடுத்த இடத்தில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே 18 பிள்ளைகள் இறந்தனர். உயிர் தப்பினாலும் ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுக்கும். கற்கும் ஆற்றலைக் குறைக்கும். மலேசியச் சட்டத்தில் இது எஸ்.டபிள்யூ.102 என்ற எண்ணில் திட்டமிடப்பட்ட கழிவு. 2005ஆம் ஆண்டின் விதிமுறை அது. உரிமம் பெற்ற இடத்திற்கே அது போய்ச்சேர வேண்டும். நம் லோரியில் ஏறிய மின்கலம் எந்தக் கொல்லையில், எந்தப் பிள்ளை விளையாடும் மண்ணில் உடைபடுகிறது என்று யாரேனும் கேட்டதுண்டா?

புதியதை மாற்றும்போதே பழையதைக் கடையில் ஒப்படையுங்கள். விலையில் கழிவு உண்டா என்றும் கேளுங்கள். பல கடைகளில் உண்டு. லோரி வந்தால் பழைய நாளிதழ்களை மட்டும் கொடுத்தனுப்புங்கள்.