யோர்தான் ஓரத்தில் ஒரு பீடம்



இம்மாதம் யோசுவா 22-ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக வாசியுங்கள்.

ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் தங்கள் சகோதரருக்காக யுத்தம்பண்ணி முடித்து, யோர்தானுக்கு அப்பாலுள்ள தங்கள் சுதந்தரத்திற்குத் திரும்பினார்கள். போகும் வழியில் நதியோரத்தில் பெரியதொரு பீடத்தைக் கட்டினார்கள். காரணத்தை முன்கூட்டியே சொன்னதாக வேதம் கூறவில்லை. இவர்கள் கர்த்தரை விட்டு விலகிவிட்டார்கள் என்று எண்ணிய மற்ற கோத்திரத்தார், யுத்தத்திற்காகச் சீலோவில் கூடினார்கள்.

ஆனாலும் படை புறப்படுமுன் பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பினார்கள். பாவத்தைக் கண்டவுடன் ஈட்டியை எடுத்த அதே பினெகாஸ்தான் (எண்ணாகமம் 25). அன்று பாவம் வெளியரங்கமாயிருந்தது. இங்கேயோ அவன் கண்டது பீடத்தை மாத்திரமே. கட்டினவர்களின் உள்ளத்தை அல்ல. ஆகையால் தன் பயத்தை மறைக்காமல் நேருக்கு நேர் சொன்னான். பதிலையும் முழுவதும் கேட்டான்.

பதில் என்ன? அது பலியிடுவதற்கான பீடமல்ல. நடுவே நதி இருப்பதால், பிற்காலத்தில் தங்கள் பிள்ளைகள் கர்த்தரிடத்தில் பங்கற்றவர்கள் என்று தள்ளப்படாதபடிக்கு அது ஒரு சாட்சி! பிரிவினை என்று எண்ணப்பட்டது, உண்மையில் ஐக்கியத்தின் வாஞ்சை. யுத்தப் பேச்சு ஒழிந்தது.

பிழைப்புக்காக மும்பைக்கும் டெல்லிக்கும் வந்த நமக்கும் ஊருக்கும் நடுவே ஒரு யோர்தான் உண்டு. வேலையிழந்த ஒரு சகோதரர், வெட்கத்தினால் அதை மறைத்து, தாயாருக்கு அனுப்பும் பணத்தை நிறுத்திவிட்டார். பட்டணத்துக்குப் போனதும் தம்பி மாறிவிட்டான் என்று ஊரிலிருந்த அண்ணன் பேச்சையே விட்டுவிட்டார். நானும் அவர்களுக்காக ஜெபித்தேனே தவிர, அண்ணனிடம் உண்மையைச் சொல்லும்படி ஆலோசனை கூறத் தாமதித்தேன். அது என் தவறு. முடிவில் அவர் தொலைபேசியில் பேசியபோது, அண்ணன் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய், தம்பி?" என்றுதான் கேட்டார்.

ஜெபியுங்கள், ஆனால் பேசவேண்டியதைப் பேசாமல் இருப்பதற்கு ஜெபத்தைச் சாக்காக்காதிருங்கள். பீடத்தைக் கட்டுகிறவர் காரணத்தைச் சொல்லட்டும். அதைக் காண்கிறவர் தீர்ப்புச் செய்யுமுன் கேட்கட்டும். உங்கள் வீட்டில் யாருக்கும் விளக்கப்படாத பீடம் ஏதாவது நிற்கிறதா? இன்று இரவு குடும்ப ஜெபத்திற்கு முன்பே அந்த ஒருவரை அழைத்துப் பேசுங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்கள் நாவையும் செவியையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.