மருமகன் என்றால் எந்த மருமகன்?



இரயில்வே அலுவலகத்தில் என் மேசைக்கு நாள்தோறும் பாஸ் விண்ணப்பங்கள் வருகின்றன. அவற்றில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் உறவுச் சொல் இருக்கும். அது பிழையானால் ஒரு பயணம் தள்ளிப்போகும், அவ்வளவே. பழைய குடிமதிப்புத் தாள்களில் உள்ள உறவுச் சொல்லைப் பிழையாகப் படித்தாலோ, ஒரு தலைமுறையே இடம் மாறிவிடும்.

சென்ற மாதம் ஸ்ரீவராகம் குளக்கரையில் நாஞ்சில் நாட்டுக் குடும்பத்துப் பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். “தம்பி, இதைச் சற்றுப் பாருங்கள்” என்று பழுப்பேறிய தாள் ஒன்றை நீட்டினார். வீட்டார் பெயர்கள் வரிசையாக இருந்தன. தலைப்பில் கொல்லம் 1086 மாசி என்றிருந்தது. கொல்லம் ஆண்டோடு, ஆவணி முதல் மார்கழி நடு வரையில் 824-ஐயும், பின்னர் 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆகவே அது 1911-ஆம் ஆண்டு. அவ்வாண்டு மார்ச் 10-ஆம் நாள் இந்தியா எங்கும் குடிமதிப்பு எடுக்கப்பட்டது. கணக்கர் வருமுன் வீட்டார் எழுதி வைத்த பட்டியலாக இருக்கலாம் என்று கொண்டோம்.

பெரியவரின் பாட்டனார் பெயருக்கு எதிரே ‘மருமகன்’ என்றிருந்தது. வீட்டுத் தலைவரின் மகளை மணந்தவர் என்றே குடும்பத்தார் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்பி வந்தனர். மாமனாரின் ஆண்மக்கள் இருக்க, மருமகன் சொத்தைக் கைப்பற்றினார் என்ற பழியும் அவர்மேல் நின்றது. அம்மக்களின் வழியினரோடு மூன்று தலைமுறையாகப் பேச்சு இல்லை.

பட்டியலை மீண்டும் படித்தோம். மகள் என்று ஒருத்தியும் அதில் இல்லை. பாட்டனார் பெயருக்கு முந்தைய வரியில் ‘உடன்பிறந்தாள்’ என ஒரு பெண் இருந்தார். முடிச்சு அங்கே அவிழ்ந்தது. தமிழில் ஓர் ஆணுக்கு மகளின் கணவனும் மருமகன். சகோதரியின் மகனும் மருமகன். பாட்டனார் இரண்டாம் வகையினர்.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அக்காலத்தில் மருமக்கள் வழி நடைமுறையில் இருந்தது. மக்கள் தந்தையின் வீட்டில் வளர்வார்கள். உடைமையோ சகோதரியின் மக்களுக்குச் செல்லும். இம்முறையால் மனைவியரும் மக்களும் பட்ட துயரைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்னும் நூலாகவே பாடினார். கொல்லம் 1101-இல், அதாவது 1926-இல், திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளருக்குத் தனிச் சட்டம் இயற்றிய பின்னரே நிலைமை மாறியது. ஆகவே பாட்டனார் திருடரல்லர்; வழக்கப்படி உரியவர். மறுபக்கத்தார் அடைந்த துயரும் பொய்யன்று. குற்றம் வழக்கத்தினுடையது. இதைக் கேட்ட பெரியவர் நெடுநேரம் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அவர்கள் வீட்டிற்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்” என்றார்.

இக்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் 1851-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று முதலில் கேட்டனர். அக்கால ஆங்கிலத்தில் ‘சன்-இன்-லா’ என்பது மனைவியின் முன்னைக் கணவனுக்குப் பிறந்த மகனையும் குறித்தது. ஆங்கிலத்தின் ‘நெஃப்யூ’வோ அண்ணன் மகனையும் அக்காள் மகனையும் ஒன்றாக்கிவிடும், நமக்கோ முன்னவன் மகன், பின்னவன் மருமகன்.

ஆகவே பழைய தாளைப் படிப்போர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இவ்வுறவு யாருக்கு உரியது? அவ்வீட்டில் வேறு யார் இருந்தனர்? அக்குடும்பம் மக்கள் வழியா, மருமக்கள் வழியா? அக்காள் மகனே மகளையும் மணந்திருந்தால் இரு பொருளும் பொருந்தும் என்பதையும் மறத்தலாகாது.

இது வெறும் பழங்கதை என்று எண்ண வேண்டா. அஸ்ஸாமில் 1951-ஆம் ஆண்டுக் குடிமதிப்பைக் கொண்டு எழுதிய குடிமக்கள் பதிவேட்டில், அல்லது 1971 மார்ச் 24 வரையிலான வாக்காளர் பட்டியல் போன்ற தாள்களில், தம் முன்னோர் பெயரைக் காட்டி, அவரோடு தமக்குள்ள உறவையும் மக்கள் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மணமாகி வேற்றூர் சென்ற பெண்கள், தந்தையோடு தம்மை இணைக்கும் தாளின்றித் தவித்தனர். 2019 ஆகஸ்டு 31-இல் வெளியான இறுதிப் பட்டியலில் 19,06,657 பேருக்கு இடம் இல்லை.

நம் நாட்டில் தனி மனிதரின் குடிமதிப்புத் தாளை 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி எவரும் பார்வையிட இயலாது. ஆதலின் நம் பிள்ளைகளுக்கு நாம் எழுதி வைப்பதே கிடைக்கும். 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு குடிமதிப்பு எடுக்கப்படும் என நடுவண் அரசு 2025 ஜூன் 16-இல் அறிவித்தது. அதையொட்டி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். மாமா, அத்தை என்று மட்டும் எழுதாமல், ‘தாயின் தம்பி’, ‘தந்தையின் தமக்கை’ என்று விரித்து எழுதுங்கள். பெண்களின் பிறந்த ஊரையும் பெற்றோர் பெயரையும் விடாமல் சேருங்கள். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு, வழி கேட்டால் சொல்ல அண்டை வீட்டுக் கிழவி இங்கே இல்லை. அந்தக் குறிப்பேடுதான் சொல்ல வேண்டும்.