மாறும் வட்டிக் கடன்: தவணை மாறவில்லை என்று இருந்துவிடாதீர்கள்!



உத்திரமேரூர் வட்டாரத்தில் வீடு கட்டவும், கடைக்கு மேல் மாடி எடுக்கவும் வங்கிக் கடன் வாங்கிய வணிகர்கள் நம்மில் பலர். வாங்கும்போது வட்டி எவ்வளவு என்று கேட்கிறோம். அது மாறுமா, எதை வைத்து மாறும் என்று கேட்பதில்லை.

1.10.2019 முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரிசர்வ் வங்கியின் ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றுடன் இணைக்க வேண்டும். 2020 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2022 மே முதல் ஏறி, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. 2025-ல் இறங்கத் தொடங்கி டிசம்பரில் 5.25-க்கு வந்தது. துவரம்பருப்பு விலை மாதிரிதான். ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும்.

ஒரு கணக்குப் பாருங்கள். 10 லட்சம் கடன், 20 ஆண்டு, வட்டி 6.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 7,456 ரூபாய். கடன் வாங்கிய புதிதிலேயே வட்டி 9 ஆனால் தவணை சுமார் 8,997 ஆக வேண்டும். பழைய தவணையையே கட்டினால்? மாத வட்டி மட்டுமே 7,500 ரூபாய். கட்டுகிற பணம் வட்டிக்கே போதாது. அசல் எப்படிக் குறையும்?

இப்படி நேரக்கூடாது என்றுதான் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கடன்தாரருக்கு உண்டு. கேட்டால்தான் அந்த உரிமையால் பயன்.

நிலையான வட்டியில் நிம்மதி உண்டு. ஆனால் பொதுவாகத் தொடக்கத்திலேயே கூடுதல். வட்டி இறங்கினால் அதன் பலனும் கிடைக்காது. ஆகவே மாறும் வட்டி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நமக்கு மாதச் சம்பளம் இல்லை. அறுவடைப் பணம் வந்தால்தான் கிராமத்துப் பாக்கி வசூலாகும். வட்டி இன்னும் இரண்டரை சதவீதம் ஏறினாலும் கட்ட முடிகிற அளவுக்கே கடன் வாங்க வேண்டும். வட்டி இறங்கினால் தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். தீபாவளி, பொங்கல் வியாபாரத்தில் மிஞ்சுவதை அசலில் கட்டுங்கள். தனிநபர் பெயரிலுள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது.

வாடிக்கையாளர் பாக்கியைப் பேரேட்டில் தினமும் பார்க்கிறோம். நம் கடன் பாக்கியையும், மீதியுள்ள மாதங்களையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்கிப் பார்ப்போமாக.