மல்லிகைக்கு ஒரு நியாயம்

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையைப் பிரஸ்தாபிக்காத மேடை இந்நகரில் இல்லை. ஆனால் இராமநாதபுரம் சீமையின் தங்கச்சிமடத்திலிருந்து பதியன்களை வாங்கி வந்து நட்டு, கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்துச் செய்து, எருவும் நீரும் இட்டு, மொட்டைத் துளைக்கும் புழுவோடு மல்லுக்கட்டி, விடியுமுன் தலைவிளக்கின் வெளிச்சத்தில் விரியாத மொட்டுகளாகப் பார்த்துக் கிள்ளி, வெயில் ஏறுமுன் மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் கொண்டுவரும் உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்துக் குடியானவனுக்கு அப்பெருமையால் விளைந்த லாபம் யாது என்று விசாரிப்பவர் அபூர்வம்.

பனியால் பூ அருகிப்போகும் மார்கழி, தை மாதங்களில் கிலோ ஆயிரக்கணக்கில் விலைபோகிறது. அப்போது அவனிடம் பூ இல்லை. கோடையில் செடி கொட்டித் தீர்க்கிறது. அப்போது விலை இல்லை, சில நாள் பறிகூலிக்கே கட்டாது. (முகூர்த்தத்தன்று ஒரு முழத்துக்குப் பேரம் பேசும் நாமும் இதில் நிரபராதிகள் அல்லோம்.) மிகுந்த பூவை வாசனைத் திரவியமாக வடிக்கும் ஆலைகள் இருக்கின்றன, ஆயினும் கொள்முதல் விலையை நிர்ணயிப்பவர் விளைவிப்பவர் அல்லர். விவசாயிகளே கூட்டுறவு முறையில் அத்தகைய ஆலையொன்றை நடத்த அரசு மூலதனம் அளிப்பதே உசிதமென்பது என் அபிப்பிராயம்.