மறைத்தால் முற்றும் மூலம்

தலைவலி வந்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சொல்கிறோம். இனிப்பு நீர் வந்தால் கோப்பிக் கடையில் உட்கார்ந்து எத்தனை பாயிண்ட் என்று கணக்கே சொல்கிறோம். மூலம் வந்தால் மட்டும் வாய் திறப்பதில்லை. "சூடு பிடித்துக்கொண்டது", "உட்கார முடியவில்லை" என்று சுற்றி வளைத்துச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். கட்டிய மனைவிக்குக்கூடத் தெரியாமல் பல வருடம் வைத்திருந்தவர்கள் உண்டு. ஆகவே இந்த இதழில் கூச்சத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் பேசிவிடுவோம்.

பேசக் காரணம் ஒரு கடிதம். ஜொகூர் மாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரருக்கு வயது 52, செம்பனைக் குலை வெட்டுகிறவர். ஆறு மாதமாக மலத்தோடு ரத்தம் போகிறதாம். இரவுச் சந்தையில் வாங்கிய பொட்டலத் தூளைச் சாப்பிட்டு வருகிறார். "டாக்டரிடம் போனால் வெட்டிவிடுவார்கள், ஒரு மாதம் வேலை போய்விடும்" என்று மறுக்கிறாராம். கொஞ்ச நாளாக மரத்தடியிலேயே உட்கார்ந்துவிடுகிற அளவுக்குக் களைப்பு. "நல்ல லேகியம் ஒன்று சொல்லுங்கள்" என்பது சகோதரியின் கேள்வி. லேகியத்துக்குப் பிறகு வருகிறேன், அம்மா. முதலில் மூலம் என்றால் என்னவென்று பார்ப்போம்.

ஆசனவாயின் உட்புறத்தில் ரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசு எல்லாருக்கும் பிறவியிலேயே இருக்கிறது. வாயு, தண்ணீர் கசியாமல் வாயை இறுக மூடிவைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. முக்கி முக்கி மலம் கழிக்கும்போது இந்த மெத்தையில் ரத்தம் தேங்கி வீங்குகிறது. நாளடைவில் பிடிப்பு தளர்ந்து கீழே இறங்குகிறது. இதுதான் மூலம். உள்ளே இருப்பது உள்மூலம். அந்த இடத்தில் வலி தெரியும் நரம்பு இல்லாததால் வலிக்காது, ரத்தம்தான் சொட்டும். விளிம்பில் தோலுக்கடியில் வருவது வெளிமூலம். அதில் ரத்தம் உறைந்துவிட்டால் திராட்சைப் பழம்போல் நீலமாக வீங்கி, உட்காரவிடாமல் வலிக்கும்.

உள்மூலத்தை டாக்டர்கள் நான்கு நிலையாகப் பிரிப்பார்கள். ரத்தம் மட்டும் போவது முதல் நிலை. முக்கும்போது வெளியே வந்து தானே உள்ளே போவது இரண்டாவது. கையால் தள்ளினால்தான் உள்ளே போகும் என்றால் மூன்றாவது. தள்ளினாலும் போகாதது நான்காவது. டாக்டர் கேட்கும்போது இதைச் சரியாகச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

நம்மவர்களுக்கு இது ஏன் வருகிறது? மிளகாய்ச் சூடு, டுரியான் சூடு, வெயிலில் காய்ந்த கல்லில் உட்கார்ந்த சூடு என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம். இவை எதுவும் மூலத்தை உண்டாக்குவதில்லை. ஆசனவாயில் வெடிப்பு இருந்தால் காரம் எரியலாம், அவ்வளவுதான். உண்மையான காரணம் நம் வேலை நாளிலேயே இருக்கிறது. பால்மரம் வெட்டுகிறவர் விடியுமுன் எழுந்து, ஒரு டம்ளர் கோப்பியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடவேண்டும். வயிறு மெல்ல வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் அவர் நிரையில் நிற்கிறார். காட்டில் எங்கே ஒதுங்குவது? பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. அடக்கிவைத்த மலம் குடலிலேயே காய்ந்து இறுகுகிறது. பால் சேர்த்து முடித்து வீட்டுக்கு வரும்போது அந்த உந்துதல் போய்விடும். பிறகு முக்க வேண்டியதுதான். வழியில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்கிறோம். வியர்வையில் உடம்பு நீரை இழக்க, குடல் மலத்திலிருந்து மேலும் நீரை உறிஞ்சிக்கொள்கிறது.

செம்பனையில் வேலை செய்கிறவருக்கு இதோடு பாரமும் சேர்கிறது. மூச்சைப் பிடித்துக் குலையைத் தூக்கும்போதெல்லாம் வயிற்றின் அழுத்தம் கீழே இறங்குகிறது. பட்டணத்துக்குக் குடிபெயர்ந்து லாரி ஓட்டுகிறவர்கள், காவல் வேலையில் உட்கார்ந்தே இருக்கிறவர்கள் கதையும் ஏறக்குறைய இதுதான். புதிதாக வந்திருக்கும் கெட்ட பழக்கம் கைபேசியோடு கழிவறைக்குப் போவது. அரைமணி நேரம் அங்கே உட்கார்ந்திருப்பது மூலத்துக்கு உரம் போடுவதுபோல. ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே யாருக்கும் வேலை இல்லை.

இனி வைத்தியம். முதல் இரண்டு நிலையில் இருக்கும் பலருக்கு வேண்டியது மருந்தைவிடச் சாப்பாட்டு மாற்றம்தான். மலம் வாழைப்பழம்போல் மென்மையாக, முக்காமல் வரவேண்டும். அதற்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் நார்ச்சத்து தேவை. நாம் தட்டு நிறையப் போடும் வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு அரைக் கிராம்கூட நார் இல்லை. அதே எடை கொய்யாப்பழத்தில் ஐந்து கிராம் இருக்கிறது. அவித்த கொண்டைக்கடலையில் ஏழு கிராமுக்கு மேல். கொய்யா பல வீடுகளின் கொல்லையிலேயே காய்க்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. முருங்கைக்கீரை, கங்கோங், வெண்டைக்காய், பயறு, பப்பாளி எல்லாம் நல்லவை. சோற்றைக் குறைத்துக் கறிகாயைக் கூட்டுங்கள். வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுவது போதாது. ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், ஆகையால் இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வேலைக்குப் போகும்போது பெரிய போத்தலில் தண்ணீர் கொண்டுபோங்கள். தண்ணீர் இல்லாமல் நாரை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் அதிகமாகும்.

சாப்பாட்டால் முடியாவிட்டால் மருந்துக் கடையில் இசப்பகோல் உமி கிடைக்கும். ஒரு கரண்டியை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிட வேண்டும். பேதி மாத்திரையை என்றைக்காவது ஒருநாள் போடலாம். வாரந்தோறும் போட்டுக் குடலைப் பழக்கிவிடாதீர்கள்.

பழைய லயத்து ஜம்பானில் குந்தி உட்கார்ந்தோமே, அது ஆசனவாய்க்கு இயற்கையான நிலை. இப்போது வீட்டில் உட்காரும் கழிவறை என்றால் காலடியில் ஒரு சின்ன முக்காலியைப் போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள். காலை உணவுக்குப் பிறகு குடல் தானே அசையும். வேலை அதற்கு இடம் கொடுக்காவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நேரத்தைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

வலிக்கும் அரிப்புக்கும் கைகண்ட வைத்தியம் வெந்நீர். அகன்ற பேசினில் கை பொறுக்கும் சூட்டில் இடுப்பளவு மூழ்கும்படி வெந்நீர் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். நாளைக்கு இரண்டு மூன்று தடவை, முக்கியமாக மலம் கழித்த பிறகு. டெட்டால் முதலியவற்றைக் கலக்காதீர்கள், தோல் புண்ணாகும். களிம்பும் ஆசனவாயில் வைக்கும் மாத்திரையும் எரிச்சலைத் தணிக்குமே தவிர மூலத்தைக் கரைக்காது. ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஒரு வாரத்துக்கு மேல் பூசினால் தோல் மெலிந்துவிடும். டாஃப்லான் போன்ற மாத்திரைகள் ரத்தப்போக்கைக் குறைக்க உதவும். டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். மேலே சொன்ன நீல வீக்கம் கண்டு வலி தாங்காவிட்டால் மூன்று நாளுக்குள் டாக்டரிடம் போங்கள், சிறு கீறலில் தீர்த்துவிடுவார். அதற்குப் பிறகு போனால் பெரும்பாலும் வெட்டமாட்டார்கள். இரண்டு வாரத்தில் தானே வற்றும்.

இப்போது லேகியத்துக்கு வருகிறேன். துத்தி இலையும் கருணைக்கிழங்கும் நம் பாட்டிமார் மூலத்துக்குக் கொடுத்தவைதான். கறியாகச் சமைத்துச் சாப்பிடுவதை நான் தடுக்கமாட்டேன், அவையும் நாருள்ள உணவுதானே. ஆனால் பெயரும் எண்ணும் இல்லாத பொட்டலத் தூள் வேறு. அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா, ஈயமும் பாதரசமும் இருக்கிறதா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. மலேசியாவில் பதிவான பாரம்பரிய மருந்து என்றால் உறையில் மால் என்ற எழுத்துகளோடு எட்டு இலக்க எண்ணும், அதன் முடிவில் டி என்ற எழுத்தும், மின்னும் ஒட்டுவில்லையும் இருக்கும். இல்லாததை வாங்காதீர்கள். மூலம் உதிர்ந்துவிடும் என்று சொல்லிக் காரமான மருந்தைப் பூசுகிறவர்களிடம் மட்டும் போகவே போகாதீர்கள். ஆசனவாய் வெந்து சுருங்கி, பிறகு மலமே கழிக்க முடியாமல் போகும்.

சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் எனக்குக் கவலை மூலத்தைப் பற்றியே அல்ல. அது மூலம்தான் என்று இதுவரை யாரும் பார்த்துச் சொல்லவில்லை. பெருங்குடல் புற்றுநோயிலும் இதே ரத்தம்தான் போகும். 2012 முதல் 2016 வரைக்குமான மலேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி ஆண்களிடம் அதிகமாகக் கண்டதே அந்த நோய்தான். 52 வயதில் ஆறு மாத ரத்தப்போக்கு என்றால், மூலம் கண்ணுக்குத் தெரிந்தாலும் குடலுக்குள் குழாய்விட்டுப் பார்த்துவிடுவதே முறை. களைப்பு ரத்தசோகையாக இருக்கலாம், ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாலே தெரிந்துவிடும். புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோருக்கு அப்படி இருப்பதில்லை. இருந்தாலும் சீக்கிரம் கண்டால் குணப்படுத்தக்கூடிய நோய் அது. தூளைச் சாப்பிட்டுக்கொண்டு இன்னும் ஆறு மாதம் போக்கிவிடாதீர்கள், இந்த வாரமே அழைத்துப் போங்கள். மலம் கறுப்பாகத் தார்போல் போகிறவர்கள், உடம்பு இளைக்கிறவர்கள், மலம் போகும் வழக்கம் சில வாரமாக மாறிப்போனவர்கள், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தவர்கள் எந்த வயதானாலும் காட்டிவிட வேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லாத 50 முதல் 75 வயதுக்காரர்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

வெட்டிவிடுவார்கள் என்ற பயத்துக்கும் பதில் சொல்லவேண்டும். டாக்டரிடம் போகும் மூலக்காரர்களில் கத்தி வைக்கப்படுகிறவர்கள் குறைவு. சாப்பாட்டு மாற்றத்துக்கு அடங்காத உள்மூலத்துக்கு இன்று அதிகமாகச் செய்வது ரப்பர் வளையம் போடுவது. ஆமாம், நாம் வெட்டும் அதே ரப்பர்தான்! சிறு கருவியால் மூலத்தின் அடியில் ஒரு குட்டி வளையத்தை மாட்டிவிடுவார்கள். ரத்த ஓட்டம் நின்று ஐந்து முதல் பத்து நாளில் அது தானே உதிர்ந்துவிடும். அமெரிக்காவில் பேரன் என்ற டாக்டர் 1963இல் பரப்பிய முறை இது. மயக்க மருந்து தேவையில்லை, அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். ஓரிரு நாள் உள்ளே எதோ நிற்பதுபோல் கனக்கும், உதிரும்போது கொஞ்சம் ரத்தம் வரும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வளையம் போட்ட பிறகு காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, சிறுநீர் அடைப்பு, நிற்காத ரத்தம் இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். சிலருக்கு ஊசி மருந்தால் சுருங்கவைப்பதும் உண்டு.

அறுவை என்பது மூன்று, நான்காம் நிலைக்கு. லண்டனில் மில்லிகனும் மார்கனும் 1937இல் எழுதிவைத்த முறையே இன்றும் நடைமுறையில் உள்ளது. முதல் இரண்டு வாரம் வலி உண்டு, புண் முழுதாக ஆற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆனால் மறுபடி வருவது மிகக் குறைவு. 1998இல் லோங்கோ என்ற இத்தாலிய டாக்டர் கொண்டுவந்த, கருவியால் தைக்கும் முறையில் வலி குறைவு, திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். எது வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிள்ளை பெற்ற பிறகும் மூலம் வருவது சகஜம். பெரும்பாலும் சில வாரத்தில் சுருங்கிவிடும். கர்ப்பத்தில் விளக்கெண்ணெய் குடிக்காதீர்கள், வலி கிளம்பிவிடலாம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று காய்கறியை நிறுத்தி, தண்ணீரையும் அளந்து கொடுக்கிறார்களே, அந்த வழக்கத்தை மாமியார்மார் கைவிட வேண்டும். தையல் போட்ட இடத்தோடு அந்தப் பெண் முக்குவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

வேலை போய்விடும் என்ற பயமும் வேண்டாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்தில் 14 நாள், ஐந்து வருடத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை. எம்.சி. கிடைத்ததும் 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குச் சொல்லிவிடுங்கள்.

கிளினிக் முகப்பில் வரிசையில் எல்லார் காதிலும் விழும்படி விளக்கம் சொல்லத் தேவையில்லை. "புவாசிர்" என்ற ஒரு சொல் போதும், மலாய்த் தாதிக்குப் புரிந்துவிடும். ரத்தம் போகிறது என்றால் "பெராக் டாரா". மீதியை அறைக்குள் டாக்டரிடம் சொல்லுங்கள். பெண்கள் பெண் டாக்டரைக் கேட்கலாம், கூடவே ஒரு தாதியையும் நிற்கச் சொல்லலாம். இடது பக்கமாகப் படுக்கவைத்து முழங்காலை மடக்கச் சொல்வார்கள். கையுறை போட்ட விரலாலும் சிறு குழாயாலும் பார்ப்பார்கள், ஐந்து நிமிட வேலை. குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து கடிதத்தோடு நிபுணரிடம் அனுப்பினால் ஐந்து வெள்ளி. அடையாள அட்டையையும், இதுவரை சாப்பிட்ட மருந்துகளையும், அந்தப் பொட்டலத் தூள் உட்பட, கையோடு எடுத்துப் போங்கள்.